கரடியின் டவுசர்

ஓநாய்க்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

படத்துக்குப் போவதற்கு முந்தின இரவே நாலைந்து விமர்சனங்களைத் தேடிப் படித்திருந்தேன். எல்லாரும் ஒரே இடத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்: பாதிப் படம் தாண்டியதும் ஓர் ஓநாய் துரத்தும், சின்னக் குழந்தைகள் பயப்படலாம். சரி, அந்த நேரத்தில் சின்னவனை மடியில் தூக்கி வைத்துக்கொள்வோம், தேவைப்பட்டால் கண்ணைப் பொத்துவோம் என்று திட்டம். அவனுக்கு அப்போது நாலரை வயது. பெரியவளுக்கு எட்டு. அவளைப் பற்றிக் கவலை இல்லை, அவள் ஓநாய்க்கே யோசனை சொல்லக்கூடியவள்.

ஓநாய் வந்தது. திரை முழுக்கப் பல்லைக் காட்டியது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ரொம்ப அக்கறையாக என் காதருகே வந்து, "அம்மா, அது பல்லே தேய்க்கல போல, மஞ்சளா இருக்கு" என்றான். அவ்வளவுதான் ஓநாய்.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் போயிருக்கும். கதையில் ஒரு குண்டுக் கரடி உண்டு, நாயகனின் தோழன், காமெடிக்கென்றே வைத்தது. ஏதோ போட்டிக்காக மேடை ஏறுகிறது. குனியும்போது டவுசர் டர்ரென்று கிழிகிறது. காட்டு விலங்குகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. கரடி இரண்டு கையாலும் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறது. மொத்தம் நாலு விநாடி இருக்கும். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மடியில் இருந்தவன் விக்க ஆரம்பித்தான். முதலில் எனக்குப் புரியவில்லை, ஏதாவது குத்திவிட்டதா என்று பார்த்தேன். பிறகு சத்தமாகவே அழுதான். "போலாம்மா, போலாம்மா." வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெரியவளுக்கு இன்றுவரை அந்தப் படத்தை முழுசாகப் பார்க்க விடவில்லை என்று என்மேல் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.

வெளியே உட்கார்ந்து தண்ணீர் கொடுத்து, என்னடா ஆச்சு என்றால், அவன் சொன்னது ஒரே வரி: "கரடி பாவம், எல்லாரும் சிரிக்கிறாங்க."

அன்றிலிருந்துதான் இந்தப் படம் குழந்தைக்கு ஏற்றதா என்று கேட்கும்போது நான் என்னத்தைக் கேட்கிறேன் என்றே யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சான்றிதழ். நம்மில் பலர் போஸ்டர் மூலையில் இருக்கும் ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டு மேலே யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான். ஆனால் அந்த எழுத்தின் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 2024-இல் யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அதுவரை ஏழு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் ஒரே முத்திரை. பிரிட்டனில் 'யு' என்றால் நான்கு வயதும் அதற்கு மேலும் என்று ஒரு வயதையே மனதில் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் வழிகாட்டுதல் தேவைப்படும் 'பிஜி' படம் எட்டு வயதை ஒட்டிய குழந்தையைக் கலங்கடிக்கக் கூடாது என்பது அவர்கள் அளவுகோல். அதாவது, எட்டுக்குக் கீழே இருந்தால் உங்கள் பாடு. அமெரிக்காவில் 'ஜி' எல்லாருக்கும், 'பிஜி' பெற்றோர் பார்த்து முடிவு செய்ய. அந்த ஊர்ப் பெரிய ஸ்டூடியோக்களின் கார்ட்டூன் படங்கள் இப்போது பெரும்பாலும் 'பிஜி' வாங்கித்தான் வருகின்றன. எல்லாமே பிஜி என்றால் அந்த எழுத்து எனக்குச் சொல்வது என்ன? ஒன்றுமில்லை.

'ஜி' வாங்கியது மட்டும் மெத்தை மாதிரி இருக்குமா என்றால் அதுவும் இல்லை. 2010-இல் வந்த 'டாய் ஸ்டோரி 3' அமெரிக்காவில் 'ஜி'. அதன் கடைசிப் பகுதியில் பொம்மைகள் எல்லாம் குப்பை எரிக்கும் உலையை நோக்கிச் சரிந்துகொண்டே போய், இனித் தப்ப வழியில்லை என்று ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொள்ளும். பெரியவர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த காட்சி. 2003-இன் 'ஃபைண்டிங் நீமோ'வும் 'ஜி'தான். முதல் சில நிமிடங்களிலேயே அம்மா மீனும் ஒன்றைத் தவிர மற்ற எல்லா முட்டைகளும் போய்விடும். நான் இந்த இரண்டையும் குறை சொல்லவில்லை, இரண்டுமே நல்ல படங்கள். சான்றிதழ் கொடுப்பவர்கள் ரத்தம் இருக்கிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா, உடம்பு தெரிகிறதா, அச்சுறுத்தல் எந்த அளவு, எவ்வளவு நேரம் என்று பார்க்கிறார்கள். அது அவர்கள் வேலை, அதைச் செய்கிறார்கள். என் பிள்ளைக்கு எது தாங்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆராய்ச்சியாளர்களும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 1937 முதல் 1999 வரை வந்த, 'ஜி' வாங்கிய 74 அனிமேஷன் படங்களை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வன்முறைச் செயல்கூட இல்லாத படம் அதில் ஒன்றுகூட இல்லை. 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இன்னொன்று. அதன் கிறிஸ்துமஸ் இதழில் கொஞ்சம் குறும்போடு எழுதுவது வழக்கம், ஆனால் கணக்கு கணக்குதான். வசூலில் முன்னணியில் இருந்த 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களையும், பெரியவர்களுக்கான 90 படங்களையும் ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரம் ஒன்று செத்துப்போகும் அபாயம் கார்ட்டூனில்தான் சுமார் இரண்டரை மடங்கு. பெற்றோர் பாத்திரங்களின் கதி இன்னும் மோசம். அம்மா அப்பாவைக் கொன்றால்தானே குட்டி தனியாகக் கிளம்பிப் போய்ச் சாகசம் செய்ய முடியும். கதை எழுதுகிறவர்களுக்கு அது வசதி.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பயந்து எல்லாப் படத்தையும் நிறுத்தவில்லை. எண்ணிக்கை எனக்குப் பெரிதாக உதவவும் இல்லை. எத்தனை அடி விழுகிறது என்று எண்ணினால் ஓநாய்தான் மாட்டும். கரடி மாட்டாது.

உதவியது வேறொரு பழைய ஆய்வு. 1985-இல் சிந்தியா ஹாஃப்னர், ஜோன் கான்டர் என்ற இருவர் செய்தது. ஒரு கிழவியை வைத்துச் சின்னக் காட்சி எடுத்தார்கள், நாலு விதமாக. ஒன்றில் பார்க்க அழகு, குணமும் நல்லது. ஒன்றில் அழகு, ஆனால் கொடுமைக்காரி. இன்னொன்றில் சூனியக்காரி மாதிரித் தோற்றம், ஆனால் அன்பானவள். கடைசியில் இரண்டும் கெட்டது. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளை அதிகம் ஆட்டிவைத்தது தோற்றம்தான். வயது ஏற ஏறத்தான் அவள் என்ன செய்தாள் என்பது எடை கூடியது. இதே கான்டர் இன்னொருவரோடு சேர்ந்து, நல்ல மனிதன் ஒருவன் பச்சை ராட்சசனாக மாறும் தொலைக்காட்சித் தொடரையும் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார். ராட்சசன் வந்து நல்லதுதான் செய்கிறான், ஆனால் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளுக்குப் பயம் உச்சத்துக்குப் போனது அவன் மாறிய பிறகுதான். தெரிந்த முகம் கண்முன்னே தெரியாத முகமாவது அவர்களுக்குத் தாங்கவில்லை.

இதைக் காமெடிப் படத்தோடு சேர்த்துப் பாருங்கள். காமெடிக் கார்ட்டூனில் முகம் மாறாத நிமிடம் உண்டா? கண் வெளியே தெறிக்கும், தாடை தரையில் விழும், அப்பா பாத்திரம் கோபத்தில் சிவந்து ஊதி வெடிக்கும், ஏதோ மருந்தைக் குடித்துவிட்டு அம்மா பூனையாவாள். நமக்கு அதுதான் நகைச்சுவை. மூன்று வயதுக்கு அது அம்மா காணாமல் போன காட்சி. அதனால் சின்னவனுக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது நான் வில்லன் எவ்வளவு கொடியவன் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வீட்டு ஆட்களுக்கு ஏதாவது ஆகிறதா, யாராவது வேறாக மாறுகிறார்களா, குட்டி தொலைந்துபோகிறதா, தொலைந்தால் எவ்வளவு நேரம் கழித்துக் கிடைக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பெரியவளுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அவளுக்கு நெருப்பு, வெள்ளம், இந்த மாதிரி நிஜமாக நடக்கக்கூடியவைதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். ஒரே சோபாவில் உட்கார்ந்து இரண்டு பேரும் இரண்டு படம் பார்க்கிறார்கள்.

பயத்தில் இருக்கும் நாலு வயதிடம் "இது நிஜம் இல்லடா, வெறும் படம்" என்று சொல்வோம் இல்லையா? அது பெரிய பிள்ளைகளுக்குத்தான் வேலை செய்யும். சின்னதுகளுக்கு மடி, போர்வை, பிடித்துக்கொள்ள ஒரு பொம்மை, அல்லது எழுந்து அந்த இடத்தைவிட்டுப் போய்விடுவது. அன்றைக்குத் தியேட்டரில் நானும் முதலில் "படம்தான்டா" என்றுதான் சொன்னேன். இன்னும் சத்தமாக அழுதான்.

இனி, சிரிப்புக்கு வருகிறேன். இதைத்தான் விமர்சனங்கள் எழுதுவதே இல்லை.

குசு ஜோக்குகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நிறையப் பெற்றோர் அதைத்தான் பெரிய குற்றமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை. ஐந்து வயதுக்கு உலகத்திலேயே பெரிய வேடிக்கை அதுதான், யாரையும் அது காயப்படுத்துவதில்லை, ராஜாவும் விடுவார் காவல்காரனும் விடுவான் என்பதில் ஒரு சமத்துவம்கூட இருக்கிறது. இரண்டு வாரம் வீட்டில் சத்தம் இருக்கும், பிறகு அடங்கும். பெரியவர்களுக்கென்று உள்ளே செருகிய இரட்டை அர்த்த வசனங்களும் பெரும்பாலும் பிள்ளைகளின் தலைக்கு மேலே போய்விடுகின்றன. எப்போதாவது "அதுக்கு ஏன்மா சிரிச்ச?" என்ற கேள்வி வரும், அன்று நம் பாடு திண்டாட்டம், அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது இரண்டு. ஒன்று, வலிக்காத அடி. மாடியிலிருந்து விழுவான், தலையில் இரும்பு விழும், தட்டையாகி மறுபடி உப்பி எழுந்து ஓடுவான். பெரியவளுக்கு நாலு வயதில் இது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. சின்னவன் அப்படி இல்லை, பார்த்ததைச் செய்து பார்ப்பான். ஒரு படம் பார்த்த மறுநாள் அக்கா தலையில் வாளியைக் கவிழ்த்து மேலே கரண்டியால் ஓங்கி அடித்தான். அவள் அழுதபோது அவன் முகத்தில் நிஜமான ஆச்சரியம். படத்தில் அந்த இடத்தில் தலையைச் சுற்றி நட்சத்திரம்தானே சுற்றியது? பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் இந்த மாதிரிப் பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்துகளைத் தனியாகவே கவனிக்கிறார்கள். ராக்கெட்டில் ஏறிப் பறப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வீட்டில் ராக்கெட் இல்லை. வாளி இருக்கிறது, கயிறு இருக்கிறது, சலவை இயந்திரம் இருக்கிறது. நான் இப்போது படத்தில் வரும் சாமான்களைத்தான் பார்க்கிறேன்.

இரண்டாவது, சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பது. குண்டாக இருப்பவன், திக்கிப் பேசுபவன், கண்ணாடி போட்டவன், மக்கு. கார்ட்டூன் காமெடியில் இவர்களுக்கு நிரந்தர வேலை உண்டு. பல படங்களில் கதையின் நீதி "எல்லாரும் சமம், நீ நீயாக இரு" என்று கடைசிப் பத்து நிமிடத்தில் அழகாக வரும். அதற்கு முன்னால் எண்பது நிமிடம் அந்தக் குண்டுக் கரடி கதவில் சிக்கிக்கொண்டே இருக்கும். பிள்ளை வீட்டுக்கு எடுத்து வருவது அந்த எண்பது நிமிடத்தை. கடைசியில் நாயகன் கரடியைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னான் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. நாங்கள்தான் அதற்குள் வெளியே வந்துவிட்டோமே.

தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. டப்பிங் வசனம் எழுதுபவர்கள் திறமைசாலிகள், வாயசைவுக்குள் நம் ஊர் நக்கலை அடக்குவது லேசான வேலை இல்லை, பல இடங்களில் மூலத்தைவிட நன்றாகவே சிரிக்க வைக்கிறார்கள். ஆனால் மூலத்தில் ஒரு பாத்திரம் சும்மா "ஐயோ" என்று கத்தும் இடத்தில், தமிழில் "டேய் பன்னி மூஞ்சி" என்று வந்து நிற்கும். நம் சினிமா காமெடிக்கு ஆளின் உருவத்தைச் சொல்லித் திட்டுவது பழக்கம், அது அப்படியே கார்ட்டூனுக்குள்ளும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டுத் தமிழில் போட்டால், நீங்கள் படித்த படம் வேறு, பிள்ளை கேட்கும் படம் வேறு. எந்த மொழியில் காட்டப் போகிறீர்களோ அந்த மொழியிலேயே கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

டிரெய்லரை நம்ப வேண்டாம் என்று சொல்லவே வேண்டியதில்லை. காமெடிப் படத்தின் டிரெய்லர் என்பது அதன் ஆகச் சிறந்த இருபது ஜோக்குகள். அம்மா சாவது அதில் வராது.

முழுப் படத்தையும் முன்னாலேயே பார்த்துவிட முடிந்தால் நல்லதுதான், யாருக்கு நேரம் இருக்கிறது? நான் செய்வது இது. ஓடிடியில் வந்த படம் என்றால் முதல் பத்து நிமிடத்தையும், கடைசி அரை மணி நேரத்தையும் சாதாரண வேகத்தில் பார்ப்பேன். பெற்றோரைக் கொல்வது ஆரம்பத்தில் நடக்கும், உலகமே இடிந்து விழுவது கடைசியில் நடக்கும். நடுவில் ஓட்டி ஓட்டிப் பார்த்தால் போதும், ஆனால் சத்தத்தோடு. திட்டுவது காதில்தான் விழும். தியேட்டர் என்றால் இருட்டும் சத்தமும் சேர்ந்துவிடும், வீட்டில் தாங்கும் காட்சி அங்கே தாங்காது. ஒளி வெட்டி வெட்டி மின்னும் காட்சிகள் பற்றி ஒரு வார்த்தை: ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்த 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். 2018-இல் 'இன்க்ரெடிபிள்ஸ் 2' வந்தபோதும் தியேட்டர்களில் இதற்காக எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னார்கள். வலிப்பு வரும் பிள்ளை இருக்கும் வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நீளமும் ஒரு விஷயம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சாதாரணமாக ஒரு கார்ட்டூன் படமே ஒன்றரை மணி நேரம். எங்கள் வீட்டில் இரண்டு நாளாகப் பிரித்துப் பார்ப்போம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம். குட்டி தொலைந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகச் சொன்னால் அன்றைக்கு யாரும் தூங்க மாட்டோம். அனுபவம்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நான் சொல்லிவிடுவேன். "நடுவுல அப்பா தொலைஞ்சு போவாரு, கடைசியில கெடச்சிடுவாரு." சஸ்பென்ஸ் போய்விடும் என்பது பெரியவர்களின் கவலை. பிள்ளைகள் ஒரே கதையை நூறு முறை கேட்பவர்கள், அவர்களுக்கு முடிவு தெரிந்திருப்பதே ஒரு சுகம். பெரியவளுக்கு மட்டும் இது பிடிக்காது, அவளை அந்த நேரத்தில் வேறு அறைக்கு அனுப்ப வேண்டும்.

ஆறேழு மாதம் கழித்து அந்தக் கரடிப் படம் ஓடிடிக்கு வந்தது. நான் சும்மா இருந்தேன். பெரியவள் தன் வழக்கை மறுபடி எடுத்தாள். ஆச்சரியம் என்னவென்றால், சின்னவனே "எனக்கும் பாக்கணும்" என்றான். ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். பிடிக்கவில்லை என்றால் நீயே நிறுத்திக்கோ, யாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியவளிடம் தனியாக ஒரு ஒப்பந்தம். அவள் அதைக் காப்பாற்றுவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓநாய் வந்தது, போனது. பல்லைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கரடி மேடை ஏறியது. அவன் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. டவுசர் கிழிந்தது. திரையில் விலங்குகள் எல்லாம் சிரித்தன. அவன் திரையைப் பார்க்கவில்லை, திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்தான். முதலில் என்னை, பிறகு அக்காவை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க யாரும் சிரிக்கல" என்றான். பிறகு கட்டைவிரலை எடுத்துவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.